எண்பத்தொன்றுக்கு மேல்

கிளவுஸைக் கீழே வை. இன்னும் மாட்ட வேண்டாம். மாஸ்டர் வர அரை மணி நேரம் ஆகும். பசங்கள் ஐந்து மணிக்குத்தான் வருவார்கள். அதற்குள் உன்னிடம் ஒன்று சொல்லிவிட வேண்டும்.

மாஸ்டர் சொல்லாதே என்றார். "கோகி, வாய வெச்சுக்கிட்டு சும்மா இரு. இந்தப் பொண்ணும் ஓடிப்போச்சுன்னா, அடுத்த மாசம் செலக்‌ஷனுக்கு அந்த மூட்டையோட ஆடிட்டுத்தான் போவணும் நீ" என்றார். மூட்டை என்றால் அதோ தொங்குகிறதே, அதுதான். ஐந்து மாதமாக எனக்கு அதுதான் ஜோடி. நல்ல மூட்டைதான். ஒன்றும் குறை சொல்ல முடியாது. திருப்பி மட்டும் அடிக்காது.

போவதென்றால் போ. ஆனால் சொல்லாமல் உன்னோடு ரிங்கில் ஏற என்னால் முடியாது. அப்புறம் யாராவது வீடியோ காட்டுவார்கள். இங்கே ஆடுகிற டில்லிபாபு காட்டுவான். அவன் போனில் இன்னும் வைத்திருக்கிறான். அதை நீ பார்ப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

நிஜமாகவே எண்பத்துமூன்று கிலோவா நீ? வெறும் வயிற்றிலா, சாப்பிட்டபிறகா? ஏன் குனிகிறாய்? இங்கே அதற்கெல்லாம் குனியக் கூடாது. நான் எண்பத்தொன்பது. மாஸ்டர் உன் எடையைச் சொன்னதும் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் பதினேழு வயதில், எண்பத்தொன்றுக்கு மேல், பாக்ஸிங் ஆடுகிற பெண் நான் ஒருத்திதான். எண்பத்தொன்றுக்கு மேல் என்பதுதான் எங்கள் கட்டம். அதற்கு மேல் கட்டம் கிடையாது. எண்பத்திரண்டும் அதில்தான், நூற்றிரண்டும் அதில்தான்.

மற்ற எடைக்காரர்கள் ஆடுவதைப் பார்த்திருப்பாய். ஐம்பது கிலோ, ஐம்பத்துநான்கு கிலோ. குருவி மாதிரி வந்து கொத்திவிட்டு ஓடுவார்கள். புள்ளி சேர்ப்பார்கள். மூன்று ரவுண்டும் ஆடிவிட்டு, யார் ஜெயித்தார் என்று ஜட்ஜ் முகத்தைப் பார்ப்பார்கள். எங்கள் எடையில் ஜட்ஜைப் பார்க்க வேண்டாம். ஒன்று சரியாக விழுந்தால் போதும். எல்லாரும் அடி என்றால் கை என்று நினைக்கிறார்கள். கை கடைசி. குதிங்கால் தரையைத் தள்ள வேண்டும். அது முட்டிக்கு வந்து, இடுப்பு திரும்பி, தோளுக்கு ஏறி, அப்புறம்தான் கை. கை வெறும் போஸ்ட்மேன். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. எனக்கு அது தானாக வந்தது. வந்தது வந்துவிட்டது, என்ன செய்வது.

மூட்டையின் சங்கிலியை இரண்டு தடவை அறுத்தேன். மாஸ்டர் கையில் பேட் மாட்டி என் குத்தை வாங்கியபோது அவர் மணிக்கட்டு வீங்கி, மூன்று வாரம் இடது கையால் பைக் ஓட்டினார். அதற்குப் பிறகு எனக்குப் பேட் பிடிக்கமாட்டார். "மூட்டைக்குப் போ" என்பார். பசங்களோடு விட்டுப் பார்த்தார். அறுபது, அறுபத்தைந்து கிலோ பசங்கள். டில்லிபாபு ஒரே ஒரு நாள் ஏறினான். லேசாகத்தான் வைத்தேன், விலாவில். இறங்கிப்போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டான்.

"யக்கா, நாளைக்கு நான் லோடு ஏத்தப் போவணும். ஜேசிபிக்கிட்டல்லாம் என்னால அடி வாங்க முடியாது" என்றான்.

அன்றிலிருந்து எனக்குப் பெயர் ஜேசிபி. நான் உள்ளே வந்தால் "ரிவர்ஸ் வருது, ரிவர்ஸ் வருது, நகருங்கடா" என்று கத்துவான். சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். என்ன செய்யச் சொல்கிறாய்?

நான் தனியாக இருக்கிறேன் என்று சொல்ல வரவில்லை. அப்படி எடுத்துக்கொள்ளாதே. அம்மா இருக்கிறாள், மீன் ஏலத்தில். ராத்திரி மூன்று மணிக்குப் போனால் மத்தியானம் வந்து தூங்குவாள். பள்ளிக்கூடத்தைப் பதினொன்றாம் வகுப்பில் விட்டேன். பெயில் ஆகவில்லை. பிடிக்கவில்லை, விட்டுவிட்டேன். பெஞ்சுக்கு மூன்று பேர் உட்கார வேண்டும். என்னோடு என்றால் இரண்டு பேர்தான். அந்த மூன்றாவது ஆள் ஒவ்வொரு வருஷமும் ஜூன் மாதத்தில் பையைத் தூக்கிக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போவாள். பன்னிரண்டாவதிலும் அதைப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை.

சரி, போட்டிக்கு வருகிறேன்.

போட்டிப் பட்டியலில் என் எடையில் என்னைத் தவிர வேறு பெயரே இருக்காது. முதலில் வாங்கின இரண்டு மெடலும் தங்கம். எப்படி வாங்கினேன் தெரியுமா? கூப்பிடுவார்கள். ஏறுவேன். எதிர் மூலையில் ஒரு ஸ்டூல் இருக்கும். ஆள் இருக்காது. மைக்கில் மூன்று தடவை யார் பெயரையோ கூப்பிடுவதுபோல் "எதிராளி யாரும் இல்லை" என்று சொல்வார்கள். ரெஃபரி என் கையைத் தூக்குவார். இறங்குவேன். வேர்க்கக்கூட வேர்க்காது. முதல் மெடலைக் கொண்டுபோய்க் காட்டியபோது அம்மா கேட்டாள், "யாரத் தோக்கடிச்ச?" சொன்னேன். "யாருமே ஓடாத ரேஸுல முதலாவதா வந்தியா?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் தூக்கத்தில் இருந்தாள். மனதில் வைத்துக்கொண்டு சொல்லவில்லை.

வெளியூரில் ஒரு விளையாட்டு விடுதி இருக்கிறது. அடுத்த மாதம் செலக்‌ஷன் அதற்குத்தான். சாப்பாடு, தங்குவது எல்லாம் அங்கேயே. சாப்பாட்டுக்காக நான் கேட்கவில்லை. அங்கே எங்கள் எடையில் ஆறு பெண்கள் இருக்கிறார்களாம். ஆறு பேர்! தினமும் ஒருத்தியோடு ஆடலாம், ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. ஆனால் ஆள் இல்லாமல் வாங்கின மெடலை அவர்கள் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மேட்ச் நடந்தது என்று சர்டிஃபிகேட்டில் இருக்க வேண்டும்.

இதற்குக் கிளப்புகளில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஆள் நிறுத்துவது என்று சொல்வார்கள். எதிரில் ஆள் இல்லாதவருக்கு, பக்கத்து எடையில் இருக்கிற ஒருத்தரை எடை ஏற்றி, வேறு கிளப் பேரில் நிறுத்துவது. அந்த ஆள் ஒரு ரவுண்டு சும்மா ஆடிவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். இது தப்பு என்றால் தப்புதான். எல்லாரும் செய்கிறார்கள். எனக்கு நின்ற ஆள் ஹெப்சி.

ஹெப்சி இங்கேதான் ஆடிக்கொண்டிருந்தாள். எழுபத்தாறு கிலோ. என்னோடு ரிங்கில் ஏறுகிற ஒரே ஆள் அவள்தான். அதற்கும் ஒரு ரூல் வைத்திருந்தோம். நான் பாதிதான் அடிக்க வேண்டும். கொஞ்சம் கூடிப்போனால் "பாதி! பாதி!" என்று கத்துவாள். தினமும் இரண்டு வருஷம் பாதி. பாதி அடிப்பது எப்படி இருக்கும் தெரியுமா? தும்மல் வந்து வந்து நின்றுபோவது மாதிரி இருக்கும்.

மாஸ்டர் கேட்பதற்கு முன்னால் அவளே சொன்னாள். "நான் நிக்கிறேன்டி. எண்பத்தொண்ணுதான? ஆறு வாரம் குடு. சோத்தத் தின்னுட்டு நிக்கப் போறேன், இதுல என்ன கஷ்டம்?"

தின்றாள். காலையில் ஆறு முட்டை, பத்து வாழைப்பழம். ராத்திரி பிரியாணிக் கடையில் நான் வாங்கித் தருவேன். "உன்னால என் சுடிதார் எல்லாம் போச்சு. விடுதிக்குப் போயிட்டு, சம்பாதிச்சு, பத்து சுடிதார் எடுத்துத் தரணும். சொல்லிட்டேன்" என்பாள். போட்டி நாள் காலையில் எண்பது வரைக்கும்தான் வந்திருந்தது. எடை பார்க்கிற ரூமுக்கு வெளியே நின்று ஒன்றரை லிட்டர் தண்ணீரை அப்படியே குடித்தாள். உள்ளே வரிசை நகரவில்லை. அவள் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, "கோகி, சிரிக்க வெக்காத, சத்தியமா சொல்றேன், சிரிக்க வெக்காத" என்றாள். நான் எதுவுமே பேசவில்லை. என் முகத்தைப் பார்த்தாலே அவளுக்குச் சிரிப்பு. எண்பத்தொன்று புள்ளி மூன்று என்று காட்டியது. கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் ஓடிய ஓட்டம் இருக்கிறதே, அந்த மாதிரி அவள் ரிங்கில்கூட ஓடியதில்லை.

எங்களுக்குள் பேச்சு இதுதான். முதல் ரவுண்டு தொட்டுத் தொட்டு ஆடுவோம். இரண்டாவது ரவுண்டில் நான் அவள் வயிற்றில் ஒன்று வைப்பேன். அவள் மண்டி போட்டுவிடுவாள். எண்ணூர் கிளப் பேரில் அவள் மூலையில் நிற்கிறவர், தோற்றது என்று துண்டைப் போடுவார். அவள் என்னை அடிக்கவே வேண்டாம். அடிக்க வேண்டாம் என்பதுதான் பேச்சு. இதை நன்றாகக் கேட்டுக்கொள். அதை மீறியது நான் இல்லை, அவள்.

மத்தியானம் மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள். ஏறினேன். எதிர் மூலையில் ஸ்டூலில் ஆள் இருந்தது. என் ஹெப்சிதான், தினமும் பார்க்கிற ஹெப்சிதான். ஆனாலும் நீல பனியன் போட்டு, தலைக்கவசம் மாட்டி, அங்கிருந்து என்னைப் பார்த்தபோது வேறு யாரோ மாதிரி இருந்தாள். நான் சிவப்பு. அவள் நீலம். மைக்கில் இரண்டு பெயர் சொன்னார்கள். என் பெயருக்குப் பிறகு இன்னொரு பெயர்.

ஆடினோம். தொட்டோம், விலகினோம். தொட்டோம், விலகினோம். ஜனங்கள் என்ன முட்டாள்களா? ஒரு நிமிஷத்தில் விசில் வந்துவிட்டது. "டேய், கோலாட்டம்டா!" என்று ஒருத்தன். "குச்சி குடுங்கடா ரெண்டு பேருக்கும்!" என்று இன்னொருத்தன். டில்லிபாபு நம்ம ஆள், அவனே கத்துகிறான். ரெஃபரி நிறுத்தினார். இரண்டு பேரையும் பக்கத்தில் கூப்பிட்டார். "என்னம்மா இது? அடிச்சு ஆடுங்க. இல்லேன்னா ரெண்டு பேரையும் இறக்கி விட்டுடுவேன். மேட்ச் நடக்கலன்னு எழுதிடுவேன்" என்றார். சரி என்று தலையாட்டினோம். மறுபடி விட்டார்.

ஹெப்சி என்னைப் பார்த்தாள். அப்புறம் அடித்தாள்.

வலது கை. நேராக மூக்கில். பாதி இல்லை. அவளுடைய முழுசு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூக்குக்குள் இரும்பு வாசனை. இரண்டடி பின்னால் போய்க் கயிற்றில் முட்டினேன். கூட்டம் "ஓ"வென்று கத்தியது.

உனக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. என்னை யாரும் அடித்ததில்லை. பசங்கள் ஏறவேமாட்டார்கள். நான் முழுசாக அடித்துவிடுவேன் என்கிற பயத்தில் ஹெப்சியும் பாதிதான் அடிப்பாள். அன்றைக்குத்தான் முதல் தடவை ஒருத்தர் என்னை நிஜமாக அடித்தார். வீட்டுக்குள் வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கிறோம், யாரோ வந்து கதவைத் தட்டுகிறார்கள், அப்படி இருந்தது. கயிற்றில் சாய்ந்துகொண்டு நான் நினைத்தேன்: இவள் நிற்க வரவில்லை. ஆட வந்திருக்கிறாள். என்னோடு ஆட வந்திருக்கிறாள்.

அடித்தேன்.

குதிங்காலிலிருந்து. எதையும் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. இரண்டு வருஷத்துத் தும்மல். சத்தமே வரவில்லை. நிஜமான அடிக்குச் சத்தம் வராது, தெரியுமா, கிளவுஸ் தட்டுகிற அடிக்குத்தான் வரும். அவள் தலை திரும்பியது. கால் அப்படியே நின்றது. அப்புறம் முழுசாக, பலகை விழுவதுபோல் பின்னால் விழுந்தாள்.

வீடியோவில் இதற்கப்புறம்தான் இருக்கிறது. நீ பார்ப்பாய், அதனால் சொல்கிறேன். அவள் விழுந்து கிடக்கிறாள். ரெஃபரி எண்ணக்கூட இல்லை, டாக்டரைக் கூப்பிட்டுக் கையை ஆட்டுகிறார். நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். பல்லில் மாட்டுகிற கார்டு வெளியே தெரிகிற மாதிரி சிரிக்கிறேன். "எழுந்திருடி, வாடி" என்று கையால் கூப்பிடுகிறேன். அவள் எழுந்து திருப்பி அடிப்பாள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ஸ்ட்ரெச்சர் வந்தபிறகுதான் எனக்குப் புரிந்தது.

நாற்பது நொடி அவளுக்கு நினைவில்லை. இரண்டு நாள் ஆஸ்பத்திரி. இனி ரிங் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது எழுந்து நடக்கிறாள், எல்லாம் செய்கிறாள். வெயிலில் போனால் தலை வலிக்குமாம். ஒரே விஷயத்தை இரண்டு தடவை கேட்பாளாம். டில்லிபாபு சொன்னான்.

எல்லாரும் என்னிடம் ஒன்றைத்தான் கேட்டார்கள். மாஸ்டர் கேட்டார், போட்டி நடத்துகிறவர்கள் கேட்டார்கள், அம்மா கேட்டாள். "அவ அடிச்ச கோவத்துல அடிச்சியா?" இல்லை என்றேன். சந்தோஷத்தில் அடித்தேன் என்றேன். மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இத வெளிய சொல்லாத. கோவம்னே சொல்லு. கோவம்னா மனுஷங்க மன்னிப்பாங்க" என்றார். நான் ஏன் பொய் சொல்ல வேண்டும்? கோபம் வரவில்லை. வந்திருந்தால் வந்தது என்று சொல்லியிருப்பேன்.

அவள் வீட்டுக்குப் போனேன். ஒரு தடவைதான். மெடலைக் கொண்டுபோனேன், அவளுக்குக் கொடுக்கலாம் என்று. மேட்ச் ஆடி வாங்கின மெடல், அதில் பாதி அவளுடையதுதானே. வாசலில் அவள் அம்மா ஸ்டெல்லா ஆன்ட்டி மெடலைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். "காட்டிட்டுப் போலாம்னு வந்தியா? அன்னிக்கு சிரிச்சது பத்தலையா உனக்கு?" என்றார். நான் பதில் சொல்வதற்குள், உள்ளேயிருந்து ஹெப்சி குரல் மட்டும் வந்தது. "கோகி, நீ போ." அவ்வளவுதான். முகம்கூடக் காட்டவில்லை. மெடலைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

எனக்கும் கோபம் உண்டு, தெரிந்துகொள். அடிக்க வேண்டாம் என்றுதானே பேசினோம்? அவள் ஏன் அடித்தாள்? அவள் சும்மா இருந்திருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். அவள் மண்டி போட்டிருப்பாள், ராத்திரி பிரியாணி சாப்பிட்டிருப்போம். எல்லாரும் நான் அடித்ததைப் பற்றியே பேசுகிறார்கள். அவள் முதலில் அடித்ததைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை. ஏன்டி அடிச்ச என்று அவளிடம் கேட்க வேண்டும். ஐந்து மாதமாக அந்த ஒன்றைத்தான் கேட்க நினைக்கிறேன்.

என்னது?

ரெஃபரி சொன்னதாலா?

இல்லை இல்லை. உனக்குப் புரியவில்லை. அவர் சும்மா அடித்து ஆடுங்கள் என்றுதான் சொன்னார். அதற்காக என்றால் லேசாக ஒன்று தட்டினால் போதுமே. மூக்கில் ஏன் குத்த வேண்டும்? அத்தனை பலமாக ஏன்...

லேசாகத் தட்டினால் அவர் நம்பியிருக்க மாட்டார். ஆமாம். அதைத்தானே ஒரு நிமிஷமாகச் செய்துகொண்டிருந்தோம்.

இரு. பேசாதே கொஞ்சம்.

மேட்ச் நடக்கவில்லை என்று எழுதியிருந்தால் எனக்கு சர்டிஃபிகேட் வந்திருக்காது. ஆறு வாரம் அவள் தின்றது வீண். அதனால் அடித்திருக்கிறாள். நிஜம் மாதிரி தெரிய வேண்டும் என்று, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து ஒன்று. அவள் ஆட வரவில்லை. கடைசிவரைக்கும் எனக்காக நிற்கத்தான் வந்திருக்கிறாள். அதைப் பார்த்து நான்தான்... என்னோடு ஆட ஆள் வந்துவிட்டது என்று...

நீ ஒரு தடவை கேட்டதுமே உனக்குத் தெரிந்துவிட்டது. நான் அந்த ரிங்கிலேயே நின்றேன். எனக்குத் தெரியவில்லை.

உனக்கு நல்ல கண். அப்படிக் கண் இருக்கிறவர்கள் அடி வாங்கமாட்டார்கள். முகஸ்துதிக்குச் சொல்லவில்லை, எனக்கு அதெல்லாம் வராது.

என்ன கேட்கிறாய்? உன்னையும் அப்படி அடிப்பேனா என்றா?

மாட்டேன் என்று சொன்னால் நீ இருப்பாய், இல்லையா? மாஸ்டர் இருந்தால் அதைத்தான் சொல்லச் சொல்வார். பாதிதான் அடிப்பேன், முதல் மாதம் கால்வாசிதான். அப்படித்தான் நினைத்து வைத்திருக்கிறேன். ஆனால் நீ எண்பத்துமூன்று கிலோ. ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் உன் கையிலிருந்து ஒன்று சரியாக வந்து விழும். அன்றைக்கு எனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று எப்படிச் சொல்வேன்?

எழுந்துவிட்டாயா. சரி.

பையை எடுத்துக்கொள். தண்ணீர் பாட்டிலை விட்டுவிட்டாய் பார். மாஸ்டரிடம் நீ வரவேயில்லை என்று சொல்லிவிடவா? வேண்டாம், அப்படிச் சொல்லமாட்டேன். வந்தாள், சொன்னேன், போய்விட்டாள் என்று சொல்கிறேன். அவர் கத்துவார். கத்தட்டும்.

படியில் பார்த்து இறங்கு, மூன்றாவது படி உடைந்திருக்கும்.

கேட் திறக்கவில்லையா? கொக்கி துருப்பிடித்துக் கிடக்கிறது. இங்கே மேலே பார், ஜன்னலில் நிற்கிறேன். தூக்கி இழுக்க வேண்டும். மெதுவாக இழுத்தால் வராது. யாரும் பார்க்கவில்லை, பயப்படாமல் பலமாக இழு.

ஐயோ! கொக்கியே கையோடு வந்துவிட்டதா? டில்லிபாபு அதில் இரண்டு கையாலும் தொங்குவான், தெரியுமா? நீ ஒரே கையால்...

ஏய், இரு. கேட்டைப் பற்றிக் கவலைப்படாதே, அது கிடக்கட்டும். ஒரு நிமிஷம் நில். உன்னைத்தான்.

உன் பேர் என்ன?